பாட்டின் நடுவே பதினைந்து வினாடி

பிக்கன்ஸ் ஃபோர்டு, ஆர்கன்சா
9 மார்ச் 1975

கார்லிஸுக்கு,

நம் பாட்டுக் குழுவில் என்னைத் தவிர நீங்கள் எல்லோரும் இசைத்தட்டுப் போட நாஷ்வில் போய்ச் சேர்ந்த விவரம் நியோமாவின் கடிதத்திலிருந்து தெரிந்தது. அவள் தன் அக்காவுக்கு, என் வெல்டாவுக்கு, எழுதினாள். நீ எனக்கு எழுதவில்லை. நான் பன்னிரண்டு வருஷம் ஒரே மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்தவன், அதற்கும் மேல் அக்கா தங்கையைக் கட்டிய சகலை. ஒரு தபால்தலை ஒட்ட உனக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"ஆறு மாசத்துல துண்ட தலையில போட்டுக்கிட்டு திரும்பி வருவீங்க" என்று பஸ்ஸடியில் நான் கத்தியது கோபத்தில். "போடா பயந்தாங்கொள்ளி, உங்க ஆலை வான்கோழியே உன்னவிட தைரியமா கழுத்த நீட்டும்" என்று நீ திருப்பிச் சொன்னாயே, அதுவும் கோபத்தில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வெல்டாவுக்கு மூன்றாவது பிள்ளை இந்த மாதம் பிறக்க இருக்கிறது. வான்கோழி அறுக்கிற ஆலையில் என்னை மேஸ்திரியாகப் போடுகிறார்கள். பாட்டை நம்பி இதையெல்லாம் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. இதில் பயம் எங்கே இருக்கிறது?

என் இடத்துக்கு ஜெரி டேல் என்று ஒரு டெக்சஸ்காரனைச் சேர்த்திருக்கிறீர்களாம். இருபத்து நான்கு வயதாம், பல்வரிசை அழகாம். பல்லால் வாசிக்கப் போகிறானா என்று வெல்டாவிடம் கேட்டேன். சிரித்தாள். பாவம், என் கிட்டாரில் காலால் மிதிக்கிற மூன்றாவது பெடல் இன்னும் பசித்த கன்றுக்குட்டி மாதிரி கத்துவதாக அவளுக்குக் குறை. எண்ணெய் போட்டுப் பார்த்துவிட்டேன். அது அப்படித்தான்.

ஆர்வல்

*

நாஷ்வில், டென்னஸி
30 மார்ச் 1975

அன்புள்ள சகலை,

கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். பெண் குழந்தை பிறந்த செய்தி கிடைத்தது. நியோமா ஒரு பை நிறைய சின்னச் சட்டைகள் வாங்கி வைத்திருக்கிறாள்.

இங்கே எல்லாம் வேகம். எங்கள் தயாரிப்பாளர் மிஸ்டர் பெல்யூ ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அதில் மூன்று "இன்னொரு தடவை பாடு." அவர் நம்மைக் கூப்பிட்டதற்குக் காரணம் என்ன தெரியுமா? நம் ஊர் ரேடியோ நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பாடிப் பதிந்தோமே, அந்த நாடா. கடைசிப் பாட்டு முடிந்ததும் முடியாததுமாக, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நீ பெட்டியைக்கூட மூடாமல் ஓடினாய். அந்த நாடாவைத்தான் கேட்டிருக்கிறார். கேட்ட அன்றே தந்தி அடித்தார்.

ஜெரி டேல் நல்ல பையன். "ஆர்வல் அண்ணன் கைய ஒரு தடவ பாக்கணும்ணே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் உன் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நீ எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

கார்லிஸ்

*

பிக்கன்ஸ் ஃபோர்டு
14 செப்டம்பர் 1975

கார்லிஸுக்கு,

"அக்கரை விளக்கு" ரேடியோவில் வந்தது. முதல் தடவை கேட்டபோது நான் ஆலைச் சாப்பாட்டு அறையில் இருந்தேன். "இது நம்ம பிக்கன்ஸ் ஃபோர்டு பாய்ஸ்டா!" என்று நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தத் திரும்பலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கையில் பிடித்த சாண்ட்விச்சைக் கீழேயும் வைக்க முடியவில்லை, வாயிலும் வைக்க முடியவில்லை.

நீ நன்றாகப் பாடியிருக்கிறாய். இதைச் சொல்லிவிட்டேன், இனி மற்றதைச் சொல்கிறேன்.

நடுவில் எல்லா வாத்தியமும் நின்று ஸ்டீல் மட்டும் பதினைந்து வினாடி வருகிறதே, அது என்ன வாசிப்பு? சுரத்துக்குத் தாமதமாக வந்து சேருகிறான், குடித்தவன் வீட்டு வாசலைத் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி. சேர்ந்த பிறகாவது சும்மா இருக்கிறானா? இழுத்து, நடுங்க வைத்து, அழுகையைப் பிதுக்குகிறான். காது உள்ளவன் எவனும் அதை விட்டிருக்க மாட்டான். உன் ஜெரி டேலிடம் சொல், ஸ்டீல் கிட்டார் என்பது வெங்காயம் இல்லை.

வெல்டா சமையலறையில் அதையேதான் முணுமுணுக்கிறாள். உன் பாட்டை அல்ல, அந்தப் பதினைந்து வினாடியை. நேற்று கேட்டே விட்டேன். "எனக்கு சங்கீதம் தெரியாது. அந்த எடத்துல தொண்டை அடைக்குது, அவ்வளவுதான்" என்றாள். பதினோரு வருஷமாக இதே வீட்டில் வாசிக்கிறேன், கார்லிஸ். ஒரு நாளாவது அவளுக்குத் தொண்டை அடைத்ததில்லை. பெடல் கத்துகிறது என்பாள்.

எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆர்வல்

*

அமரில்லோ, டெக்சஸ்
2 அக்டோபர் 1975

சகலை,

அவசரமாக எழுதுகிறேன், பஸ் கிளம்பப் போகிறது. நாட்டுப்பாட்டுத் தட்டுகளின் விற்பனை வரிசையில் ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டோம். நேற்று மூவாயிரம் பேர். இந்த ஓட்டலில் சோப்பு மயில் வடிவத்தில் இருக்கிறது. உன் பெரியவளுக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டீல் பற்றி நீ எழுதியதை ஜெரி டேலிடம் காட்டவில்லை. அதைப் பற்றி எழுதாதே. நேரில் பார்க்கும்போது பேசலாம். வெல்டாவை அவள் போக்கில் முணுமுணுக்க விடு.

கார்லிஸ்

*

பிக்கன்ஸ் ஃபோர்டு
28 நவம்பர் 1976

கார்லிஸுக்கு,

நன்றித் திருநாளுக்கு எல்லோரும் மாமியார் வீட்டில் கூடினோம். நீங்கள் இருவரும் வர முடியாததற்கு அனுப்பிய தந்தியை அவர் மேசை நடுவில், குழம்புக் கிண்ணத்துக்குச் சாய்த்து நிறுத்தி வைத்திருந்தார். சோபாவுக்கு மேலே இயேசுநாதர் படம் இருந்ததல்லவா? அவரைக் கூடத்துக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஆணியில் இப்போது உன் இசைத்தட்டு அட்டை. நீ குதிரைமேல் இருக்கிறாய். சின்ன வயதில் ஜிப்சன் வீட்டுக் கழுதைமேல் ஏற்றியதற்கே அழுதவன் நீ.

ஜெபம் முடிந்ததும் மாமியார் சொன்னார்: "சாப்பிடறதுக்கு முன்னாடி நம்ம மாப்பிள்ளை பாட்ட ஒரு தடவ கேட்டுருவோம்." நான் பக்கத்திலேயே நிற்கிறேன். எனக்கும் அவர் பெண்ணைத்தான் கொடுத்தார். "அப்ப நான் யாரு அத்தை?" என்று கேட்டேன். "நீதான்ப்பா வான்கோழிய அறுக்கணும். அதுல உன்ன அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. என் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

நான் கத்தியை எடுத்து, சுட்ட வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினைந்து வினாடி வந்தது. சிரிப்பு தானாக நின்றது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெல்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெண்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே அழவைக்க அந்த டெக்சஸ்காரப் பயலுக்கு யார் உரிமை கொடுத்தது?

உன் குதிரை, உன் சரிகைச் சட்டை, உன் வீட்டு நீச்சல்குளம் எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். அதன்மேல் எனக்கு இருக்கிற பொறாமை சாதாரணப் பொறாமை, எல்லாச் சகலைக்கும் இருப்பது. ஜெரி டேல் விஷயம் வேறு. அது என்னை அரிக்கிறது.

நீச்சல்குளம் பற்றி நியோமா நாலு பக்கம் எழுதியிருந்தாள். வெல்டா இரண்டு தடவை படித்தாள்.

ஆர்வல்

*

நாஷ்வில்
18 ஜூன் 1978

அன்புள்ள சகலை,

ஒன்றரை வருஷமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நம் பெண்டாட்டிகள் எழுதிக்கொள்வதால் இருவரும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

உனக்கு நல்ல செய்தி சொல்லட்டுமா? இரண்டாவது தட்டு ஓடவில்லை. மூன்றாவதை ரேடியோக்காரர்கள் உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்று கேள்வி. குளத்தில் தவளைகள் இருக்கின்றன. எந்த ஊருக்குப் போனாலும் "அக்கரை விளக்கு" ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அதிலும் எதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொள்கிற அந்தப் பதினைந்து வினாடிக்குத்தான் விசில் பறக்கிறது. ஒவ்வொரு மேடையிலும், நான் பாடாத இடத்துக்குக் கைதட்டல் வாங்குகிறேன். நடுவில் நின்று சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே.

உனக்கென்ன, சகலை. மாலையானால் வீடு. மூன்று பிள்ளைகள். எனக்கு ஒன்றுகூட இல்லை என்று நியோமா பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுகிறாள்.

ஆகஸ்டு 19 அன்று நம் ஊர்ச் சந்தைத் திடலில் பாடுகிறோம். முன்வரிசையில் உனக்கும் வெல்டாவுக்கும் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வா. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை.

கார்லிஸ்

*

பிக்கன்ஸ் ஃபோர்டு
21 ஆகஸ்டு 1978

கார்லிஸுக்கு,

வந்தேன். நீ போட்டுவைத்த நாற்காலியில் வெல்டா உட்கார்ந்தாள், நான் உட்காரவில்லை. பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில், கடைசியில் நின்றேன். நீ எட்டி எட்டிப் பார்த்தது தெரிந்தது. தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜெரி டேல் அந்த இடத்தை வாசித்தபோது வெல்டா நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாள். முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை. நான் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பார்த்தேன். ஆனால் அப்போது என் கன்னம் ஈரமாக இருந்தது. அடுத்த பாட்டு ஆரம்பிக்குமுன் வண்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் மேடைக்குப் பின்னால் வரவில்லை.

இத்தனை வருஷம் நான் எழுதியதெல்லாம் பொய். தாமதம் என்றேன். அது தாமதம் இல்லை, மற்றவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். பிதுக்குகிறான் என்றேன். அது பிதுக்கல் இல்லை. பதினெட்டு வயதில் முதன்முதலாக ஸ்டீல் முன்னால் உட்கார்ந்தபோது என் தலைக்குள் எது கேட்டதோ அதுதான் அது. அதைத் தேடித்தான் இத்தனை வருஷம் வாசித்தேன். எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று.

நேற்றுக் காலை என் கிட்டாரைத் தூண்டில் கடை ஹோபர்ட்டிடம் கொடுத்துவிட்டு, ஒரு படகு மோட்டாரை மாற்றாக வாங்கி வந்துவிட்டேன். "படகே இல்லாம மோட்டார் எதுக்குய்யா?" என்று அவனே கேட்டான். வெல்டா அதை வீட்டுக்குள் விடவில்லை.

ஜெரி டேலிடம் நான் கை கொடுத்ததாகச் சொல். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆர்வல்

*

நாஷ்வில்
29 ஆகஸ்டு 1978

ஆர்வல்,

உடனே ஹோபர்ட் கடைக்குப் போ. இந்தக் கடிதத்தைப் பிறகு படிக்கலாம்.

போய்வந்துவிட்டாயா? இப்போது உட்கார்.

அந்தப் பதினைந்து வினாடியை ஜெரி டேல் வாசிக்கவில்லை. இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியாது. இசைத்தட்டுக்கு வாசிக்கிறவர்கள் வேறு, பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவர்கள் வேறு. இங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். காலையில் ஒரு தட்டு, மத்தியானம் ஒரு தட்டு என்று எல்லோருக்கும் அவர்களே வாசித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அட்டையில் எங்கள் முகம், உள்ளே அவர்கள் விரல். நம் பையன்கள் ஒருவரும் அந்தத் தட்டில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஜெரி டேல் மற்றவர்களைப் போலவே பதிவறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காப்பி குடித்தான். பிறகு தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு அந்த இடத்தை மனப்பாடம் செய்தான்.

ஆனால் அந்த ஏழெட்டுப் பேரும் அதை வாசிக்கவில்லை. ரேடியோ நிலையத்து ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? கடைசியாக "அக்கரை விளக்கு" பாடினோம். இரண்டாவது சரணத்தில் எனக்கு வார்த்தை மறந்துபோயிற்று. நான் நின்றேன். பின்னாலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். நீ மட்டும் நிற்கவில்லை. எனக்கு வார்த்தை ஞாபகம் வரும்வரை தனியாக வாசித்துக்கொண்டே இருந்தாய். பன்னிரண்டு வருஷத்தில் நூறு தடவையாவது என்னை இப்படிக் காப்பாற்றியிருப்பாய். அதனால் உனக்கு அது ஞாபகத்தில் நிற்கவில்லை. நாடாவை நீ கேட்கவும் இல்லை.

மிஸ்டர் பெல்யூ கேட்டது அதைத்தான். என் குரலை அல்ல. இங்கே இருக்கிற ஸ்டீல்காரர்களிலேயே பெரிய கை ஒருவரைக் கூப்பிட்டு, அதை அப்படியே வாசிக்கச் சொன்னார். அவர் ஒன்பது தடவை முயன்றார். பத்தாவது தடவை, தந்திமேல் நகர்த்துகிற இரும்புத் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "அது யாருன்னு தெரியல. அந்த நாடாவயே வெட்டி ஒட்டிக்கங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அப்படியே செய்தார்கள். பாட்டு முழுவதையும் கொஞ்சம் வேகமாக ஓட்டி சுருதியை ஏற்றினார்கள். பெடல் கத்துகிற இடத்தில் ஒரு ஜால்ராவைத் தட்டி மூடினார்கள். அதனால்தான் உன் கையே உனக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றே நான் உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். முதல் மாதம், உனக்குச் சொன்னால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று பயந்தேன். நீ வந்துவிட்டால் என் முகத்தை யார் பார்ப்பார்கள்? பிறகு நீ அதையே திட்டி எழுதினாய். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் படித்து எனக்கு சந்தோஷமாக இருந்தது. உன் வாயாலேயே அதைக் கேவலமாகப் பேசக் கேட்க வேண்டியிருந்தது எனக்கு. அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன். நான் மறந்துபோய் நின்ற இடத்துக்கு ஊரே கைதட்டுகிறது, ஆர்வல். ஒவ்வொரு தட்டலும் என் கன்னத்தில் விழுகிறது.

நாடாவின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொன்னால் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். அடுத்த தட்டில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன். அடுத்த தட்டு என்று ஒன்று இருந்தால்.

கார்லிஸ்

*

பிக்கன்ஸ் ஃபோர்டு
10 செப்டம்பர் 1978

கார்லிஸுக்கு,

முதலில் உன் கழுத்தைத் திருக வேண்டும் என்று தோன்றியது. அது எனக்குத் தொழில். மேற்பார்வை பார்த்து மூன்று வருஷம் ஆனாலும் கை மறக்கவில்லை. என் பொறாமையை நானே தின்று கொழுக்கும்படி மூன்று வருஷம் விட்டிருக்கிறாய். ஒரு வாரம் உன் கடிதத்தைக் கிழிப்பதற்காக எடுத்து எடுத்து வைத்தேன்.

ஹோபர்ட் என் கிட்டார்மேல் பலகை போட்டு, மண்புழு டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தான். "திரும்ப மாத்திக்கறதெல்லாம் கடை வழக்கமில்ல" என்று சட்டம் பேசினான். மோட்டாரோடு இரண்டு வான்கோழி என்றதும் சட்டம் மாறிவிட்டது. மூன்று தந்திகளில் மண் ஒட்டியிருந்தது. மூன்றாவது பெடல் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் கத்துகிறது.

நாடாவை ரேடியோ நிலையத்துக்கே எடுத்துப்போய்க் கேட்டோம். நீ மறந்துபோய் நிற்பது தெளிவாகக் கேட்கிறது. "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம்கூட விடுகிறாய். பிறகு அது வந்தது. நடுவில் என் பெடல் கத்தியது. அதைக் கேட்டதும்தான் நம்பினேன். வெல்டா என்னைப் பார்த்தாள். "அடப்பாவி, ஒரே ஆளுகிட்ட ரெண்டு தடவ மனசப் பறிகொடுத்துட்டேனே" என்றாள். வீடு வருகிறவரை சிரித்துக்கொண்டே வந்தாள். இடையில் அழுதாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. வந்த அன்றே கிட்டாரைத் துடைத்து, தட்டைப் போட்டு, கூடவே வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. நேற்றும் வாசித்தேன். சுரங்கள் எல்லாம் இருக்கின்றன, ஜெரி டேலுக்கு இருப்பது மாதிரி. அது இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தோடு, ஒரு மடையன் வார்த்தையை மறந்துவிட்டானே என்ற எரிச்சலோடு, அன்று ரேடியோ நிலையத்து நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தானே, அவன்மேல் எனக்கு இப்போது வயிறு எரிகிறது. ஜெரி டேல்மேல் எரிந்ததைவிட அதிகமாக எரிகிறது. அவனைத் திட்டிக் கடிதம் எழுதவும் வழியில்லை.

பத்திரிகைக்காரர்கள் வேண்டாம். அட்டையில் பெயரும் வேண்டாம். ஜெரி டேல் பாவம், கைதட்டலை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ஒருவரிடம் மட்டும் நீ சொல்லியே ஆக வேண்டும். நம் மாமியாரிடம். நேரில் வந்து, உன் வாயால், மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது. அப்போது நான் வான்கோழி அறுக்க மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அறுப்பாய்.

அது முடிந்ததும் நாம் இருவரும் ரேடியோ நிலையத்துக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் திறந்துதான் இருக்கிறது. அந்தப் பாட்டை எடு. முதல் சரணத்தை நன்றாகப் பாடு. இரண்டாவது சரணத்தில், சகலை, வார்த்தையை மறந்துபோய் நில்.

ஆர்வல்